நினைவு தப்பியவர் பேரில் 'பவர்' வாங்கித் தருகிறேன் என்பவரிடம் பணம் கொடுக்காதீர்கள்

மறதி நோய் முற்றிய அம்மா, பக்கவாதத்தில் பேச்சும் புரிதலும் போன அப்பா, விபத்துக்குப் பிறகு கோமாவில் கிடக்கும் கணவர். ஆஸ்பத்திரி பில் ஏறிக்கொண்டே போகிறது. அவர் பேரில் இருக்கும் வைப்புத்தொகையைத் தொட முடியவில்லை. வங்கி கைவிரித்த மறுநாளே, "ஒரு பொது பவர் போட்டுவிட்டால் எல்லாம் முடிந்தது, சார்பதிவாளரை வீட்டுக்கே அழைத்து வருகிறேன்" என்று ஓர் இடைத்தரகர் வந்து நிற்பார். பவர் என்பது ஒருவர் தனக்காகச் செயல்பட இன்னொருவருக்கு அதிகாரம் தரும் பத்திரம். அதற்கு முன்பணம் கேட்பார். பல குடும்பங்கள் பணத்தை இழப்பது இங்கேதான்.

சட்டம் இதில் தெளிவாகவே இருக்கிறது. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம் 11, 12-ஆம் பிரிவுகளின்படி, தான் எதில் கையெழுத்திடுகிறோம், அதனால் தனக்கு என்ன ஆகும் என்று புரிந்துகொள்ள முடியாதவர் செய்யும் ஒப்பந்தம் செல்லாது. அவர் எழுதிக்கொடுத்ததாகச் சொல்லும் பவரும் அப்படித்தான். நல்ல நினைவோடு இருந்தபோதே எழுதிய பவர் இருக்கிறதே என்பார்கள். அதே சட்டத்தின் 201-ஆம் பிரிவு, எழுதிக்கொடுத்தவரின் மனநிலை பிறழ்ந்தால் முகவரின், அதாவது பவர் பெற்றவரின், அதிகாரமும் முடிகிறது என்கிறது. சில வெளிநாடுகளில் நினைவு போன பிறகும் நீடிக்கும் பவர் உண்டு. இந்தியச் சட்டத்தில் அப்படி ஒன்று இல்லை. அதாவது, பவர் மிகவும் தேவைப்படும் நாளில்தான் அது செத்துப்போகிறது.

அப்படியானால் பதிவு எப்படி நடக்கிறது? உடல்நலம் இல்லாதவர் வீட்டுக்குச் சார்பதிவாளர் வர 1908-ஆம் ஆண்டின் பதிவுச் சட்டத்தில் இடம் உண்டு. ஆனால் எழுதிக்கொடுப்பவர் மனநிலை சரியில்லாதவராகத் தெரிந்தால் பதிவை மறுக்க வேண்டும் என்று 35-ஆம் பிரிவு சொல்கிறது. இடைத்தரகர் இதை அறிந்தவர். "உடம்புதான் முடியவில்லை, நினைவெல்லாம் நன்றாக இருக்கிறது" என்று எழுதிய மருத்துவச் சான்றை அவரே ஏற்பாடு செய்வார். பின்னாளில் அண்ணனோ தங்கையோ வழக்குப் போட்டால், ஆஸ்பத்திரிக் கோப்பில் இருக்கும் பரிசோதனை முடிவும் இந்தச் சான்றும் எதிரெதிராக நிற்கும். அப்போது இடைத்தரகர் போனை எடுக்க மாட்டார். கையெழுத்துப் போட்டவர்கள்தான் பதில் சொல்ல வேண்டும். அந்தப் பவரை வைத்து வீட்டையும் விற்றிருந்தால், வாங்கியவரும் சேர்ந்து மாட்டுவார்.

கைநாட்டு விஷயமும் இப்படித்தான் திரிக்கப்படுகிறது. கையெழுத்துப் போட முடியாத முதியவரிடம் கை அல்லது கால் பெருவிரல் ரேகை பெற்று, இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட, பணம் தரலாம் என்று ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் இருக்கிறது. சாட்சிகளில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அலுவலராக இருக்க வேண்டும். இது உடல் தளர்ந்து, புத்தி தெளிவாக உள்ளவருக்கான வசதி. மயக்கத்தில் இருப்பவரின் விரலை மையில் அழுத்துவது இதில் சேராது.

விற்கப்படும் வேறு காகிதங்களும் உண்டு. பத்திரத்தாளில் நோட்டரி முத்திரையோடு வரும் 'கார்டியன் பிரமாணப் பத்திரம்' யாரையும் பாதுகாவலர் ஆக்காது. வாரிசுச் சான்றிதழ் இறந்தவருக்குத்தான். நாமினியின் உரிமையும் இறப்புக்குப் பிறகே. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் வரும் நியமனப் பிரதிநிதி சிகிச்சை தொடர்பானவற்றுக்கு மட்டும். அதைக் காட்டி வைப்புத்தொகையை உடைக்க முடியாது.

முறையான வழி, நோய் என்ன என்பதைப் பொறுத்தது. ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு என்றால், 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான உள்ளூர் அளவிலான குழுவிடம் விண்ணப்பிக்கலாம். பாதுகாவலராக நியமிக்கப்பட்டவர் 6 மாதத்துக்குள் சொத்துப் பட்டியலைத் தர வேண்டும். ஒவ்வொரு நிதியாண்டும் முடிந்து 3 மாதத்துக்குள் கணக்கும் காட்ட வேண்டும். முதுமை மறதியும் கோமாவும் இந்தப் பட்டியலில் இல்லை. தெரிந்தே இந்த விண்ணப்பத்துக்குப் பணம் வாங்கி, மாதக்கணக்கில் இழுத்தடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

கோமாவுக்கும் முற்றிய மறதி நோய்க்கும் பெரும்பாலும் உயர் நீதிமன்றத்தில் அரசியலமைப்பின் 226-ஆம் பிரிவின்கீழ், பாதுகாவலராக நியமிக்க நேரடியாக உத்தரவு கேட்கும் ரிட் மனுதான் வழி. கேரள உயர் நீதிமன்றம் 2019-இல் இதற்கு நெறிமுறைகள் வகுத்தது. சென்னை உயர் நீதிமன்றமும் 2024-இல் கோமாவில் இருந்தவரின் மனைவியைப் பாதுகாவலராக நியமித்து, சொத்தை விற்க அனுமதித்தது; விற்ற பணத்தில் 50 லட்சம் ரூபாயைக் கணவர் பெயரிலேயே வைப்புத்தொகையாகப் போடச் சொன்னது. மனுவோடு சிகிச்சை தரும் மருத்துவரின் சான்று, சொத்து மற்றும் கணக்குகளின் பட்டியல், மாதச் செலவு விவரம், மற்ற வாரிசுகளின் சம்மதக் கடிதம் ஆகியவற்றைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். கடைசியாகச் சொன்ன சம்மதம் கிடைக்காவிட்டால்தான் வழக்கு நீளும். வழக்கறிஞரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: "எந்தச் சட்டத்தின்கீழ், எந்த மன்றத்தில்?" பதில் மழுப்பலாக வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

உத்தரவு வரும்வரை அவருடைய ஏடிஎம் அட்டையையும் ரகசிய எண்ணையும் வைத்துப் பணம் எடுக்கும் பழக்கம் பரவலாக உண்டு. நல்லெண்ணத்தோடு செய்தாலும் அது வங்கியின் நிபந்தனைக்கு எதிரானது. உடன்பிறந்தவர் திருட்டு என்று புகார் கொடுத்தால் கையில் ஆதாரம் இருக்காது. இருவரில் யாரும் இயக்கலாம் என்ற கூட்டுக் கணக்கு ஏற்கெனவே இருந்தால் அதைப் பயன்படுத்தலாம். 'முதலாமவர் அல்லது உயிரோடிருப்பவர்' வகை என்றால், முதலாமவர் உயிரோடு உள்ளவரை இரண்டாமவருக்கு அதிகாரம் இல்லை. பாஸ்புக்கில் எது இருக்கிறது என்று இன்றே பாருங்கள்.

முறையான உத்தரவைக் காட்டியும் கிளை மறுத்தால், வங்கிக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லாவிட்டாலும், வந்த பதில் திருப்தி தராவிட்டாலும் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். அதற்குக் கட்டணம் இல்லை. அதையும் செய்து தருவதாகச் சொல்லி ஒருவர் காசு கேட்பார், கொடுக்காதீர்கள்.