சாயல்குடிப் பக்கத்து நித்தியகல்யாணி மண்டி: எடை சரி, அட்டை சரியில்லை

சாயல்குடியை அடுத்த கடற்கரைச் சாலையோரம் இருக்கும் ஒரு மூலிகை மண்டிக்கு மூன்று ஆண்டுகளாக நித்தியகல்யாணி இலையும் வேரும் போட்டு வருகிறேன். இந்தப் பருவத்தில் அங்கே சரக்குக் கொண்டுபோக நினைக்கும் மானாவாரி விவசாயிகளுக்காக இதை எழுதுகிறேன்.

எடையில் குறை சொல்ல இடமில்லை. எலக்ட்ரானிக் தராசு வாசலிலேயே இருக்கிறது. சாக்கின் எடையை நம் கண்முன்னே கழித்த பிறகுதான் சிட்டை எழுதுகிறார்கள். தரம் பார்ப்பது உரிமையாளர் அண்ணாச்சியின் கைதான். மூட்டையின் நடுவில் கையை விட்டு ஒரு பிடி இலையை எடுத்துக் கசக்குவார். பச்சை நிறம் மாறாமல் நொறுங்கினால் முழு விலை, நமத்துப் போய் விரலோடு மடங்கினால் கழிவு. முதல் ஆண்டு இரவில் இலையைத் திறந்த களத்திலேயே விட்டிருந்தேன். உப்புக் காற்றில் நமத்துப் போயிருந்ததால் அவர் கழித்தது நியாயமே. வேரை மணல் போக உதறிக் கொண்டுபோனால் பேச்சே இல்லை. பணம் மட்டும் பத்துப் பன்னிரண்டு நாள் இழுக்கும்.

என் மனத்தாங்கல் வேறு. கல்லாவுக்குப் பக்கத்தில் இதே இலையைப் பொடித்துப் பொட்டலம் கட்டி, "சர்க்கரைக்கும் புற்றுநோய்க்கும் கைகண்ட மருந்து" என்று அட்டை மாட்டியிருக்கிறார்கள். கேட்டால், "நம்ம இலையிலதானே தம்பி அந்த ஊசி மருந்தே எடுக்கிறான்" என்கிறார் அண்ணாச்சி. அது பாதி உண்மை. ஆபத்தே அந்தப் பாதியில்தான் இருக்கிறது.

1952-இல் ஜமைக்காவிலிருந்து, அங்கே சர்க்கரைக்குக் கஷாயமாகக் குடித்துவந்த இந்த இலைகள், கனடாவில் ராபர்ட் நோபிள் என்ற ஆய்வாளரின் கைக்கு வந்து சேர்ந்தன. எலிகளுக்கு வாய்வழியாகக் கொடுத்தபோது சர்க்கரை அளவில் மாற்றமில்லை. ஊசியாகச் செலுத்தியபோதோ வெள்ளணுக்கள் சரிந்து, எலிகள் தொற்றில் செத்தன. ஏமாற்றம் என்று மூடி வைத்திருக்கக்கூடிய அந்த முடிவை, வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகும் நோய்க்கு இது உதவுமா என்று திருப்பிக் கேட்டதில்தான் அந்தக் குழுவின் திறமை இருந்தது. வேதியியலாளர் சார்லஸ் பீருடன் சேர்ந்து பிரித்தெடுத்த வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து 1958-இல் அறிவிக்கப்பட்டது. அதே காலத்தில் அமெரிக்காவின் எலி லில்லி நிறுவனத்தில் தனியாக இந்தச் செடியை ஆராய்ந்துகொண்டிருந்த கார்டன் ஸ்வோபோடா, இர்விங் ஜான்சன் குழுவினர் வின்கிரிஸ்டினையும் கண்டெடுத்தார்கள். 1963-இல் அனுமதி பெற்ற அம்மருந்து, குழந்தைகளின் ரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் பிற மருந்துகளோடு சேர்த்துத் தரப்படுகிறது.

நாம் சாக்குச் சாக்காகப் போடும் காய்ந்த இலையில், டன்னுக்குச் சில கிராம் என்ற அளவில்தான் வின்கிரிஸ்டின் கிடைக்கும். நோயாளிக்கு ஏற்றுவதோ மில்லிகிராம் கணக்கில், அதுவும் ரத்தக் குழாய் வழியாக மட்டுமே. தவறித் தண்டுவட நீருக்குள் போனால் உயிரைப் பறித்துவிடும். அப்படி அளந்து ஏற்றும் மருந்தின் பெயரைச் சொல்லி, அளவே தெரியாத பொடியைக் கரண்டியால் அள்ளிக் கொடுப்பது எந்த வகையில் சேர்த்தி? வேலியில்லாத நம் காட்டில் ஆடுகூட வாய்வைக்காமல் ஒதுங்கிப் போகும் இலை இது. சிகிச்சையில் இருப்பவர் யாரேனும் இந்தப் பொட்டலத்தை நம்பி ஊசியை நிறுத்திவிட்டால் அந்த இழப்புக்கு எந்தச் சிட்டையிலும் கழிவு எழுத முடியாது.

இவ்வளவையும் அண்ணாச்சியிடம் பொறுமையாக ஒருநாள் சொன்னேன். தேநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார். சென்ற வாரம் வேர் மூட்டையோடு போனபோது, அட்டையில் "புற்றுநோய்க்கும்" என்ற சொல்லின்மேல் வெள்ளைத் தாள் ஒட்டியிருந்தது. எலிகளிடம் முதலில் தோற்றுப்போன சர்க்கரை மட்டும் அப்படியே இருக்கிறது. சரக்குப் போடத் தாராளமாகப் போகலாம். பொட்டலம் வாங்க வேண்டாம்.