டர்பன் பஸ் ஓட்டுநர்களுக்குச் சங்கம் என்ன செய்தது: கொரோனாக் காலச் சேவை மதிப்பீடு

சம்பளச் சீட்டில் சங்கச் சந்தா என்று மாதந்தோறும் ஒரு தொகை கழிகிறது. அதற்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்ற கேள்வி, தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலும் ஃபீனிக்ஸிலும் பஸ் ஓட்டுபவர் இருக்கும் வீடுகளில் பழைய கேள்வி. 2020, 2021 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அந்தச் சந்தா எங்கே உழைத்தது, எங்கே தூங்கியது என்பதை இங்கே பார்க்கிறோம். சட்டாவு, டாவுசா, நும்சா ஆகியவை இந்தத் துறையில் அதிகம் கேட்கும் சங்கப் பெயர்கள். ஆனால் பெயரை வைத்து மதிப்பெண் போட வழியில்லை. ஒரே கொடியின் கீழ் ஒரு டெப்போவில் வேலை ஒழுங்காக நடக்கும். பக்கத்து டெப்போவில் ஷாப் ஸ்டூவர்டின், அதாவது வேலையிடத்துச் சங்கப் பிரதிநிதியின், தொலைபேசியே எடுபடாது. ஆகவே கிளைகளின் பெயரை விட்டுவிட்டு, வேலையை மட்டும் எடைபோடுகிறோம்.

முடிவை முன்னாலேயே சொல்லிவிடலாம். காகித வேலையில் சங்கம் சந்தாவுக்கு மேலேயே திருப்பிக் கொடுத்தது. டெப்போ ஓய்வறையில் சுமார். ஓட்டுநர் இருக்கைத் தடுப்பில் பலவீனம். ஐந்தாறு பஸ் வைத்திருக்கும் சிறு முதலாளிகளிடம் வேலை செய்பவர்களுக்கு அநேகமாக ஒன்றுமே எட்டவில்லை.

2020 மார்ச் 26 நள்ளிரவில் நாடு பூட்டப்பட்டது. 2018 ஏப்ரலில் தொடங்கிய பெரிய பஸ் வேலைநிறுத்தத்தின் முடிவில் கிடைத்த இரண்டாண்டு ஊதிய ஒப்பந்தம், முதல் ஆண்டு 9 விழுக்காடு, அடுத்த ஆண்டு 8 விழுக்காடு என்று இருந்தது, மார்ச் 31 அன்று காலாவதியானது. பூட்டிய ஐந்தாம் நாளே கையில் ஒப்பந்தம் இல்லை. பஸ் துறையின் பேச்சுவார்த்தை மன்றமான சார்ப்பாக்கின் மேசையில் ஊதிய உயர்வு பேச வேண்டிய நேரத்தில், ஏப்ரல் சம்பளம் வருமா என்பதே பேச்சாக மாறிற்று.

அங்கேதான் நல்ல கிளைகள் தம் திறமையைக் காட்டின. யூ.ஐ.எஃப் என்ற வேலையின்மைக் காப்பீட்டு நிதியிலிருந்து வந்த கொரோனாக் கால ஊதிய உதவியான டெர்ஸுக்கு ஓட்டுநர் விண்ணப்பிக்க முடியவில்லை, முதலாளி தான் விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. தொகை சம்பளத்தைப் பொறுத்து 38 முதல் 60 விழுக்காடு வரை மாறியது. குறைந்தது 3,500 ராண்ட், கூடியது 6,730 ராண்ட். குறைந்த சம்பளத்துக்கு விழுக்காடு கூடும், கூடிய சம்பளத்துக்குக் குறையும். 17,712 ராண்டுக்கு மேல் சம்பளம் இருந்தாலும் கணக்கு அந்த எண்ணிலேயே நின்றுவிடும். மாதம் 12,000 ராண்ட் வாங்கியவருக்கு வந்தது சுமார் 4,900. ‘பாதிச் சம்பளம் வரும்’ என்று கூட்டத்தில் சொன்ன கிளைகளும் இருந்தன. வீட்டு வாடகைக்குக் கணக்குப் போடும் குடும்பத்திடம் தவறான எண்ணைச் சொல்வது சிறிய பிழை இல்லை. மேசையில் உட்கார்ந்து ஒவ்வொருவர் சம்பளத்துக்கும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கொடுத்த கிளைக்கு முழு மதிப்பெண்.

பணம் தடைபட்டதற்குக் காரணங்கள் எல்லா டெப்போவிலும் ஒன்றுதான். சம்பளச் சீட்டில் யூ.ஐ.எஃபுக்கு 1 விழுக்காடு பிடித்திருப்பார்கள்; ஆனால் மாதாமாதம் அனுப்ப வேண்டிய யூ.ஐ. 19 படிவத்தில் ஓட்டுநரின் பெயர் ஏறியிருக்காது. அல்லது 13 இலக்க அடையாள எண்ணில் ஒன்று பிசகியிருக்கும். அல்லது விரிதாளில் தட்டச்சு செய்யும்போது எண்ணின் தொடக்கத்தில் இருந்த சுழி உதிர்ந்துவிடும். 051001 என்ற வங்கிக் கிளை எண் 51001 ஆகிப் பணம் திரும்பிப் போகும். சரியாகச் செய்த ஷாப் ஸ்டூவர்ட் முதல் வாரத்திலேயே மூன்று மாதச் சம்பளச் சீட்டு, அடையாள அட்டை நகல், வங்கியின் உறுதிக் கடிதம் மூன்றையும் உறுப்பினர்களிடம் வாங்கி, முதலாளி அனுப்பப்போகும் பட்டியலோடு வரிவரியாக ஒப்பிட்டார். ஒரு டெப்போவுக்கு இரண்டு பிற்பகல் பிடிக்கும் வேலை. அதைச் செய்யாத இடங்களில் ஜூன் வரை பணத்துக்குக் காத்திருந்தார்கள்.

இன்னொரு நுணுக்கத்தைப் பல கிளைகள் தவறவிட்டன. பூட்டு நாட்களை ஆண்டு விடுப்பாக எழுதிய முதலாளிகள் இருந்தார்கள். அந்த நாட்களுக்கு டெர்ஸ் பணம் வந்து, அதை முதலாளி தான் ஏற்கனவே கொடுத்த சம்பளத்துக்கு ஈடாக வைத்துக்கொண்டால், விடுப்பை ஓட்டுநர் கணக்கில் திருப்பி வரவு வைக்க வேண்டும். டிசம்பரில் விடுப்புக் கேட்டபோதுதான் கணக்கு காலி என்று பலருக்குத் தெரிந்தது. பழைய சம்பளச் சீட்டுகளை எடுத்து விடுப்பு வரியை இப்போதும் ஒருமுறை சரிபாருங்கள்.

அடுத்தது டெப்போ. பூட்டின் முதல் கட்டத்தில் பஸ்கள் காலை 5 முதல் 9 வரை, மாலை 4 முதல் 8 வரைதான் ஓடலாம்; அதுவும் பாதி ஆட்களோடு. பிறகு காலை நேரம் ஒரு மணி நீண்டது. சாலையில் ஆள் குறைவு, வண்டியில் ஆள் குறைவு. ஆனால் நடுவில் கிடைத்த ஆறேழு மணி நேரம் ஓட்டுநர்கள் எங்கே இருந்தார்கள்? வீட்டுக்குப் போய்வர எண்ணெய்ச் செலவும் நேரமும் கட்டாது என்று டெப்போ ஓய்வறையிலேயே இருந்தார்கள். ஜன்னல் திறக்காத அறை, ஒரே கெட்டில், ஒரே மேசை. சாப்பிடும்போதும் புகைக்கும்போதும் முகக்கவசம் கீழே. பஸ்ஸில் பயணி தும்முவாரோ என்று பயந்த மனிதர், தெரிந்த முகங்கள் நடுவில் பயத்தை மறந்து உட்கார்ந்தார். தொற்றுக்கு இதைவிட வசதியான இடம் வேண்டியதில்லை.

இதைக் கண்டு பேசிய கிளைகள் மிகக் குறைவு. கேட்க வேண்டியவை எளியவை: இடைவேளையை இரண்டு அணியாகப் பிரிப்பது, மேசைக்கு இருவர், கதவு ஜன்னல்களைக் கழற்றியாவது காற்றோட்டம், முற்றத்தில் தார்ப்பாய் நிழல். டர்பனின் ஈர வெயிலில் தார்ப்பாய் இல்லாமல் வெளியே உட்காரச் சொன்னால் யாரும் உட்கார மாட்டார்கள். நிறுத்தி வைத்த பஸ்களில் ஆளுக்கொன்றாக ஓய்வெடுக்க விட்ட டெப்போ இருந்தது. செலவே இல்லாத நல்ல ஏற்பாடு.

முகக்கவசத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். 2020 ஏப்ரல் 29 அன்று வந்த உத்தரவுப்படி ஆளுக்குக் குறைந்தது இரண்டு துணிக் கவசம் முதலாளி செலவில். காலையும் மாலையும் பிரிந்த ஷிஃப்டுக்கு இரண்டு போதாது: ஒன்று காலை வியர்வையில் நனையும், ஒன்று மாலைக்கு, மூன்றாவது வீட்டுக் கொடியில் காய வேண்டும். மூன்று கேட்டு வாங்கிய கிளைகள் வேலையை அறிந்தவை. சங்கக் கொடி அச்சிட்ட கவசத்தைக் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டதை நாம் சேவையாகக் கணக்கில் எடுக்கவில்லை.

கைக்கிருமிநாசினியில் கணக்குத்தான் பிரச்சினை. 70 விழுக்காடு ஆல்கஹால், ஆளுக்கு 3 மில்லி. 64 இருக்கை வண்டியில் பாதி என்றால் 32 பேர். ஒரு நடைக்கு 96 மில்லி, எட்டு நடைக்கு ஏறக்குறைய 770. ஐந்து லிட்டர் கேன் ஒரு வண்டிக்கு ஆறரை நாள்தான். நடுவழியில் ஏறுபவர்களைச் சேர்த்தால் அதுவும் வராது. வாரம் ஒரு கேன் என்று ஒப்புக்கொண்ட கிளைகளின் ஓட்டுநர்கள் வாரக் கடைசியில் தண்ணீர் கலந்தார்கள். கலந்தால் 70க்குக் கீழே போய் அதன் வீரியம் குறையும். யார் ஊற்றுவது என்பதும் பேச வேண்டிய விஷயம். ஓட்டுநர் இருக்கையில் இருந்து கையை நீட்டி ஊற்றினால் ஒவ்வொரு பயணியும் அரை மீட்டர் தூரத்தில் முகத்தைக் கொண்டுவருகிறார். வார்விக் சந்திப்பில் வரிசையிலேயே ஒருவரை நிறுத்தி ஊற்றுவதுதான் வழி. கேனை வெயிலில் நிற்கும் வண்டிக்குள் வைக்கவே கூடாது. அது பெட்ரோலைப் போலப் பற்றும்.

ஓட்டுநர் இருக்கைத் தடுப்புக்கு வருவோம். லண்டனில் ஓட்டுநர்கள் இறக்கத் தொடங்கியதும் யுனைட் சங்கம் நெருக்கியது. 2020 ஏப்ரல் 20 முதல் நடுக்கதவு வழியாக ஏற்றினார்கள், ஓட்டுநர் அறைக் கண்ணாடியில் பேச்சுக்காக விட்டிருந்த துளைகளையும் அடைத்தார்கள். நம்மிடம் ஒற்றைக் கதவு வண்டிகள் நிறைய. அங்கே தடுப்பு ஒன்றுதான் வழி. ஆனால் ‘தடுப்பு வேண்டும்’ என்று கேட்ட கிளைகள் எந்தத் தடுப்பு என்று சொல்லவில்லை. கிடைத்தது பெரும்பாலும் கடைக் கவுண்டரில் தொங்கும் வகை பிளாஸ்டிக் திரை.

திரை ஜன்னல் காற்றில் ஆடி ஓட்டுநர் முகத்தில் ஒட்டும். அதைவிட ஆபத்து, நாம் இடப்பக்கம் ஓட்டுகிறோம், ஓட்டுநர் வலப்பக்கம் இருக்கிறார்; கதவையும் இடப்பக்கக் கண்ணாடியையும் அவர் அந்தத் திரை வழியாகத்தான் பார்க்க வேண்டும். இரவில் டாஷ்போர்டு விளக்கு அதில் பளபளக்கும், கதவருகே நிற்கும் பிள்ளை தெரியாது. கேட்க வேண்டியது 4 முதல் 5 மில்லிமீட்டர் பாலிகார்பனேட் பலகை. அக்ரிலிக் மலிவு, ஆனால் மோதினால் கூராக உடையும், ஆல்கஹால் தெளித்துத் துடைத்தால் போல்ட் துளையைச் சுற்றி நூல் நூலாக விரிசல் விடும். பாலிகார்பனேட் வெயிலில் விரியும், ஆகவே துளை போல்டைவிட 2 மில்லிமீட்டர் பெரியதாக இருக்க வேண்டும், இடையில் ரப்பர் வாஷர். இல்லாவிட்டால் ஒரு மாதத்தில் கடகடவென்று சத்தம், இரண்டாம் மாதத்தில் பிளவு. சோப்புத் தண்ணீரில் நனைத்த மென்துணியால் துடைக்க வேண்டும். உலர்ந்த துணி கீறும். கண்ணாடியைப் பார்க்கும் கோட்டில் சட்டமோ ஸ்டிக்கரோ வரக் கூடாது. விபத்தில் ஓட்டுநர் ஒரே தள்ளில் வெளியே வரும்படி கீல் இருக்க வேண்டும்.  காசு வாங்க அடியில் ஒரு தட்டு போதும். நகராட்சி வண்டிகளில் கட்டணம் செலுத்த மூவோ அட்டை இருந்ததால் இந்தக் கவலை கொஞ்சம் குறைவு.

2020 ஜூலையில் 200 கிலோமீட்டருக்கு உட்பட்ட பயணங்களுக்கு முழுக் கொள்ளளவு அனுமதி வந்தது. ஜன்னல்கள் இருபக்கமும் குறைந்தது 5 சென்டிமீட்டர் திறந்திருக்க வேண்டும் என்பது நிபந்தனை. மழையில் பயணி மூடுவார், ஓட்டுநர் ஓட்டிக்கொண்டே சண்டை போட முடியாது. மூடாமலிருக்க ஜன்னல் சட்டத்தில் ஒரு மரக்கட்டையைத் திருகிவிட்ட டெப்போ மெக்கானிக்குகள் சங்கத்தைவிட நடைமுறை அறிந்தவர்கள்.

நோய் வந்தபின் உள்ள காகிதங்களில் நல்ல கிளைக்கும் மற்றதற்கும் இடைவெளி பெரிது. வேலையில் தொற்றியது என்றால் அது கொய்டா என்ற வேலைக் காய, நோய் இழப்பீட்டுச் சட்டத்தின் கீழ் தொழில் நோய். சாதாரண நோய் விடுப்பைத் தின்னக் கூடாது. தொழிலாளி தரும் படிவம் டபிள்யூ.சி.எல். 14, மருத்துவரின் முதல் அறிக்கை டபிள்யூ.சி.எல். 22. பரிசோதனை முடிவு மட்டும் போதாது, வேலையில்தான் வந்தது என்று காட்ட வேண்டும். எந்தத் தேதி எந்த வண்டி, எந்த ஷிஃப்ட், அதே வாரம் டெப்போவில் வேறு யாருக்குத் தொற்று என்று நேரப்பட்டியல் நகலோடு எழுதிக் கொடுத்த விண்ணப்பத்துக்குக் கால் உண்டு. அந்த நேரப்பட்டியலை அன்றே படம் எடுத்து வைக்கச் சொன்ன கிளை ஒன்றிரண்டுதான். மூன்று மாதம் கழித்துக் கேட்டால் டெப்போவில் அது இருக்காது.

நீரிழிவும் இரத்த அழுத்தமும் நம் வீடுகளில் எவ்வளவு என்று சொல்லத் தேவையில்லை. 60 வயதைத் தாண்டியவரும் இத்தகைய நோயுள்ளவரும் அப்போது தனிப் பாதுகாப்புக்கு உரியவர்களாக இருந்தார்கள். மருத்துவர் கடிதத்தில் நோயின் பெயர் வேண்டியிருக்கவில்லை, அந்தப் பிரிவில் வருகிறார் என்ற ஒரு வரி போதுமாக இருந்தது. வேலை போய்விடும் என்று நோயை மறைத்த பெரியவர்களிடம் இதை யாராவது பொறுமையாகச் சொல்லியிருக்க வேண்டும்.

ஆட்குறைப்பில் ஒரே குறிப்பு: நிறுவனம் சார்ப்பாக் எல்லைக்குள் வந்தால் பணிநீக்க வழக்கு அங்கேதான் போக வேண்டும், எல்லாத் துறைக்கும் பொதுவான தொழில் தகராறுச் சமரச அமைப்பான சி.சி.எம்.ஏவுக்கு அல்ல. 30 நாள்தான் கெடு. தவறான கதவைத் தட்டி அந்த நாட்களை இழந்தவர்கள் உண்டு.

கடைசியாக, மனம் வலிக்கும் பகுதி. சாட்ஸ்வொர்த்தில் குடும்பமாகப் பஸ் நடத்துபவர்களிடம் ஏழெட்டு ஓட்டுநர் இருப்பார்கள். ஷாப் ஸ்டூவர்ட் தேர்ந்தெடுக்கச் சட்டப்படி ஒரே இடத்தில் குறைந்தது 10 உறுப்பினர் வேண்டும். பாதுகாப்புப் பிரதிநிதிக்கு 20க்கு மேல் ஆள் வேண்டும். இரண்டுக்கும் எட்டாத ஓட்டுநரைச் சங்கம் தேடிப் போகவில்லை. முதலாளியோ அடுத்த தெரு அண்ணா. உறையில் காசு கொடுப்பார், யூ.ஐ.எஃபில் பெயர் இருக்காது. பள்ளி ஓட்டம் நின்று, புனித வெள்ளிக்கு மாரியம்மன் கோயில் ஓட்டமும் நின்றபின் அவரிடமும் காசில்லை. அண்ணாமேல் புகார் எழுத யாருக்குக் கை வரும்? 2020 மே மாதத் திருத்தம் பதிவில்லாத தொழிலாளிக்கும் டெர்ஸ் வழியைத் திறந்தது. ஆனால் அதைக் கோயில் மண்டபத்திலோ வீட்டு வாசலிலோ வந்து சொன்ன கிளை நம் பார்வையில் படவில்லை. ஆபத்தான வேலையை மறுக்கும் உரிமையும், 2020 ஜூன் மாத உத்தரவின்படி, தனி ஆளுக்கே இருந்தது. காரணத்தைச் சொல்லி முதலாளிக்குத் தெரிவித்தால் போதுமாக இருந்தது, அதற்காகச் சம்பளம் பிடிக்கக் கூடாது என்றும் இருந்தது.

இத்தகைய இடத்தில் வேலை செய்பவர் சங்கத்தில் சேருமுன் கிளை அலுவலகத்தில் இரண்டு கேள்வி கேளுங்கள். முதலாளி சம்பளத்தில் சந்தாவைப் பிடிக்கும் ஸ்டாப் ஆர்டர் இல்லாமல் வங்கி வழியாகச் சந்தா கட்டலாமா? பத்துப் பேருக்குக் குறைவான இடத்துக்கு யார் வருவார், அவருடைய எண் என்ன? எண்ணை வாங்கி, அங்கே நின்றபடியே ஒருமுறை அழைத்துப் பாருங்கள்.