சர்வீஸுக்கு விட்ட கார் அடிபட்டு வந்தால்: இன்ஷூரன்ஸா, இலவச ரிப்பேரா, கன்ஸ்யூமர் கோர்ட்டா?

"கவலையே படாதீங்க சார், உங்க இன்ஷூரன்ஸ்லயே போட்டுடலாம். மேல வர்ற ஆயிரம் ரூபாயை நாங்க பார்த்துக்கறோம்."

டெஸ்ட் டிரைவுக்கு எடுத்துப்போன ஆள் உங்கள் காரைச் சுவரில் சாத்திவிட்டு வந்தால், பல சர்வீஸ் சென்டர்களில் முதலில் வரும் பேச்சு இதுதான். அலைச்சல் இல்லை, கைக்காசும் போகவில்லை என்று தலையாட்டிவிடத் தோன்றும். இருக்கிற வழிகளில் இதைத்தான் நான் கடைசியில் வைப்பேன். அவர்கள் செய்த தவறுக்கு உங்கள் பாலிசி பணம் கட்டுகிறது, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து வருடம் கிளெய்மே எடுக்காதவருக்கு, சொந்தச் சேதப் பிரீமியத்தில் (நம் காரின் சேதத்துக்கான பங்கு) 50 சதவீத நோ கிளெய்ம் போனஸ், அதாவது தள்ளுபடி இருக்கும். அந்தப் பிரீமியம் ₹12,000 என்று வையுங்கள். ஒரு கிளெய்ம் போட்டால் அடுத்த ரென்யூவலில் போனஸ் பூஜ்யம். அதன்பின் 20, 25, 35, 45 என்று ஏறித்தான் மறுபடி 50-ஐத் தொடும். பிரீமியம் மாறவில்லை என்று கொண்டால், முதல் வருடம் ₹6,000, அடுத்தடுத்து ₹3,600, ₹3,000, ₹1,800, ₹600. மொத்தம் ₹15,000 உங்கள் கையிலிருந்து போகிறது. ஒரு பம்பர், ஒரு ஃபெண்டர் வேலைக்கு இது லாபமா என்று நீங்களே பாருங்கள். போனஸைக் காப்பாற்றும் ஆட்-ஆன் (பாலிசியோடு கூடுதலாக வாங்கும் பாதுகாப்பு) வாங்கியிருந்தால் கதை வேறு.

தேய்மானமும் உண்டு. தேய்மானம் கழிக்காத 'ஜீரோ டெப்' ஆட்-ஆன் இல்லாத பாலிசியில் பிளாஸ்டிக், ரப்பர் பாகங்களுக்குப் பாதிதான் தருவார்கள். நாலரை வருடக் காரின் உலோகப் பாகங்களுக்கு 35 சதவீதம் கழியும். ஒவ்வொரு கிளெய்மிலும் நீங்களே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1500 சிசி வரை ₹1,000, அதற்கு மேல் ₹2,000. அவர்கள் 'பார்த்துக்கறோம்' என்பது பெரும்பாலும் இந்தக் கட்டாயக் கழிவை மட்டும்தான்.

இதைவிட ஆபத்தானது கிளெய்ம் படிவம். விபத்தின்போது ஓட்டியவர் யார், லைசென்ஸ் எண் என்ன என்று அதில் ஒரு கட்டம் இருக்கும். "உங்க பேரையே போட்டுடுங்க சார், சீக்கிரம் அப்ரூவ் ஆகும்" என்பார்கள். போடாதீர்கள். அது பொய்த் தகவல். தெரியவந்தால் கிளெய்மையே தள்ளிவிடுவார்கள். நாளைக்கு நீங்கள் சர்வீஸ் சென்டர் மீது வழக்குப் போட்டால், கார் உங்கள் கையில் இருந்தபோதுதான் அடிபட்டது என்பதற்கு நீங்களே கையெழுத்திட்ட சாட்சியாகவும் அந்தத் தாள் நிற்கும்.

அதற்காக இன்ஷூரன்ஸை ஒரேயடியாக ஒதுக்க வேண்டியதில்லை. சேதம் லட்சங்களில் இருந்தாலோ, ஒர்க்‌ஷாப்புக்குள் வெள்ளம் புகுந்து கார் மூழ்கிவிட்டாலோ அதுதான் முதல் வழி. வெள்ளத்தில் சர்வீஸ் சென்டரின் அலட்சியத்தை நிரூபிப்பது கடினம். ஆனால் நடந்ததை நடந்தபடி எழுதிக் கிளெய்ம் போடுங்கள். இன்ஷூரன்ஸ் கம்பெனி உங்களுக்குப் பணம் கொடுத்துவிட்டு, தவறு செய்தவரிடம் அதை வசூலிக்கும் உரிமையைத் தன் பக்கம் எடுத்துக்கொள்ளும். கிளெய்மில் இழுபறி என்றால் இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரிக்கும் ஆம்புட்ஸ்மேனிடம் போகலாம், கட்டணம் கிடையாது.

அடுத்து, அவர்கள் செலவிலேயே அங்கேயே சரிசெய்து வாங்குவது. சேதம் சின்னதென்றால் என் ஓட்டு இதற்குத்தான். டிங்கரிங், பெயிண்டிங் ஆட்கள் அங்கேயே இருக்கிறார்கள், உதிரிபாகமும் அடக்க விலையில் கிடைக்கும். வெளியே ₹30,000 ஆகும் வேலை அவர்களுக்கு அவ்வளவு ஆகாது, அதனால் சம்மதிக்கவும் செய்வார்கள். வாய்ப்பேச்சை மட்டும் நம்பக்கூடாது. எந்தத் தேதியில், யார் ஓட்டியபோது, எந்தப் பாகம் அடிபட்டது, எதைப் புதிதாக மாற்றுவார்கள், எதைத் தட்டி நிமிர்த்துவார்கள், எப்போது டெலிவரி என்பதெல்லாம் ஒரு மெயிலில் வர வேண்டும். காரை எடுக்கும் நாளில் 'இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு தாளை நீட்டுவார்கள். பகல் வெளிச்சத்தில் பெயிண்ட் நிறம் ஒத்துப்போகிறதா, கதவும் பானெட்டும் ஒரே இடைவெளியில் உட்காருகிறதா என்று பார்த்து, ஓட்டியும் பார்த்த பிறகு கையெழுத்துப் போட்டால் போதும்.

மறுத்தால்? காரைத் தயாரித்த கம்பெனியின் தலைமையகக் கஸ்டமர் கேருக்கு மெயில், தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் ஒரு புகார், அப்புறம் ஒரு நோட்டீஸ். பல விவகாரங்கள் இந்தக் கட்டத்திலேயே படிந்துவிடும். படியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், அதாவது நம் வாய்வழக்கில் கன்ஸ்யூமர் கோர்ட்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் வாடிக்கையாளருக்கு நிறையவே வசதி செய்திருக்கிறது. சர்வீஸ் சென்டர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் அல்லது வேலை பார்க்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். சேவைக்காகக் கொடுத்த தொகை ₹5 லட்சம் வரை என்றால் கட்டணமே இல்லை. வக்கீல் கட்டாயமில்லை, நுகர்வோர் ஆணையங்களுக்கான இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம். சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போக வேண்டும். ரிப்பேர் செலவோடு, கார் இல்லாத நாட்களின் டாக்ஸி செலவு, மன உளைச்சல், வழக்குச் செலவு எல்லாம் கேட்கலாம். எதிர்த்தரப்பு பதில் தாக்கல் செய்ய 30 நாள், கூடுதலாக 15 நாள், அதற்குமேல் கிடையாது என்று உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வே 2020-இல் சொல்லிவிட்டது. மேல்முறையீடு போவதானால் தீர்ப்புத் தொகையில் பாதியை முதலில் கட்ட வேண்டும்.

குறை, காலம்தான். மூன்று மாதத்தில் முடிக்கச் சொல்கிறது சட்டம். நடைமுறையில் வாய்தா மேல் வாய்தா. அதுவரை காரை அடிபட்டபடியே வைத்திருக்க முடியாது. எஸ்டிமேட், போட்டோ, பில் எல்லாவற்றையும் சேர்த்து வைத்துக்கொண்டு வெளியே சரிசெய்துவிட்டு வழக்கை நடத்துவதே நல்லது.

ஜாப் கார்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'வாகனம் உரிமையாளரின் பொறுப்பில்' என்று இருப்பதைக் காட்டிப் பயமுறுத்துவார்கள். 1998-இல் டெல்லி தாஜ்மஹால் ஹோட்டலில் வாலேயிடம் (காரை வாங்கி நிறுத்தித் தரும் ஊழியர்) கொடுத்த மாருதி ஜென் திருடுபோன வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. டோக்கனில் இப்படி அச்சடித்திருந்தாலும் தன் அலட்சியத்துக்கான பொறுப்பிலிருந்து ஹோட்டல் தப்ப முடியாது என்று 2019 நவம்பரில் தீர்ப்பு வந்தது. ஒருவரிடம் ஒப்படைத்த பொருளை அவர் தன் பொருளைப்போல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. சர்வீஸுக்கு விட்ட காருக்கும் அதே வாதத்தை வைக்கலாம்.

அதே ஜாப் கார்டின் முன்பக்கத்தில் ஒரு கார் படம் இருக்கும். ஏற்கெனவே உள்ள கீறல்களை அதில் குறிப்பார்கள், கூடவே ஓடோமீட்டர் அளவும் பெட்ரோல் அளவும். எந்த வழியில் போனாலும் உங்கள் கேஸ் நிற்பதும் விழுவதும் அந்தப் படத்தில்தான். காலை அவசரத்தில் அதைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

சிவில் கோர்ட்டைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தமிழ்நாட்டில் கேட்கும் தொகையில் 3 சதவீதம் கட்டணம், வக்கீல் செலவு, வருடக்கணக்கு. உங்கள் கார் ஒரு கம்பெனியின் பெயரில் வியாபாரத்துக்கு ஓடுவதாக இருந்து, நுகர்வோர் என்ற தகுதியே கேள்விக்குள்ளானால் மட்டும் அந்தப் பக்கம் போகலாம். சொந்தமாக டாக்ஸி ஓட்டிப் பிழைப்பவருக்குக் கன்ஸ்யூமர் கோர்ட்டிலேயே இடமுண்டு.

போலீஸ் புகார் பணம் வாங்கித் தராது. ஆனால் டெஸ்ட் டிரைவில் அந்த ஆள் வேறொருவர் மீது மோதியிருந்தால், ஆர்.சி.யில் இருப்பது உங்கள் பெயர். அப்போது பம்பரைப் பற்றிப் பேசுவதற்கு முன், யார் ஓட்டினார் என்பது எஃப்.ஐ.ஆரில் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். உங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றைக்கே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.