அ, க, 4, 7: முதல் நாளே மண்ணைக் கவ்வ வைத்த ஆன்லைன் கோர்ஸ்

மனிதர்கள் எப்படி வாதாடுகிறார்கள் என்பதை உளவியல் ஆய்வுகளை வைத்துச் சொல்லித்தரும் ஆறு வார கோர்ஸ் ஒன்றை முடித்தேன். தைரியமாகச் சேரலாம், ஆனால் எதில் நேரம் செலவழிப்பது என்று தெரிந்துகொண்டு சேருங்கள்.

ஆரம்பமே உளவியலாளர் பீட்டர் வேசன் 1966-இல் கொண்டுவந்த சீட்டுச் சோதனை. அதைத் தமிழுக்கு மாற்றினால் அ, க, 4, 7 என்று நாலு சீட்டு, ஒரு பக்கம் எழுத்து, மறுபக்கம் எண். 'உயிரெழுத்து இருந்தால் பின்னால் இரட்டைப்படை எண் இருக்கும்' என்பது சரியா என்று பார்க்க எவற்றைத் திருப்ப வேண்டும்? நான் சட்டென்று அ, 4 என்று அழுத்தினேன். தப்பு. 4-க்குப் பின்னால் எது இருந்தாலும் விதிக்கு ஒன்றும் ஆகாது, 7-க்குப் பின்னால் உயிரெழுத்து இருந்தால்தான் அது உடையும், அதனால் அ-வும் 7-உம். பத்தில் ஒருவர் சரியாகச் சொன்னாலே அதிகம் என்று கேட்டபிறகுதான் மனசு ஆறியது.

இரண்டு, மூன்றாம் வாரங்கள் இழுவை, வேகத்தைக் கூட்டி ஓட்டிவிடலாம்.

நாலாவது வாரம்தான் சரக்கு. 1998-இல் மோஷ்மனும் கைலும் செய்த ஆய்வில், இதே மாதிரிச் சீட்டுக் கணக்கைத் தனியாகப் போட்டவர்களில் 9 சதவீதம்தான் தேறினார்கள், கூடிப் பேசிய குழுக்களிலோ 75 சதவீதம். காரணம் காட்டி யோசிக்கும் திறமையே அடுத்தவரிடம் வாதாடுவதற்காக உருவானது என்று மெர்சியே, ஸ்பெர்பர் என்ற ஆய்வாளர்கள் 2011-இல் எழுதியதும் இங்கேதான் வருகிறது. அப்புறம் 2016 ஆய்வு ஒன்று, எனக்கு இன்னும் உறுத்துகிறது: ஒரு கேள்விக்குச் சொன்ன விடைக்கு ஒருவர் தானே எழுதிய காரணத்தை வேறு யாரோ எழுதியது என்று சொல்லி அவரிடமே நீட்டினார்கள், ஏமாற்று வேலையைக் கவனிக்காதவர்களில் பாதிக்கு மேல் 'இது செல்லாது' என்று தள்ளிவிட்டார்கள்! நான் மாட்டியிருக்க மாட்டேன் என்று தோன்றுகிறது, எல்லோருக்கும் அப்படித்தான் தோன்றியிருக்கும்.

இவ்வளவு சொல்லிவிட்டு, குழுவாகப் பேசும் வகுப்பை மட்டும் 'விருப்பமிருந்தால்' என்று ஓரத்தில் போட்டிருக்கிறார்களே, அதுதான் கடுப்பு. நான் போனபோது ஐந்து பேர்தான். ஒரு பெண் 'சரி, 7-ஐத் திருப்பாமல் விட்டால் எதைக் கோட்டை விடுவோம்?' என்று கேட்டார், அதுவரை பிடிவாதமாக இருந்த இருவர் ஒரு நிமிஷத்தில் மாறிவிட்டார்கள்.

கடைசித் தேர்வு வெறும் ஆண்டும் பெயரும் ஒப்பிக்கிற விஷயம். ஒரு விடைக்கு மதிப்பெண் குறைத்ததை எதிர்த்து அரைப் பக்கம் காரணம் எழுதி அனுப்பினேன். 'உங்கள் கருத்துக்கு நன்றி' என்று தானியங்கிப் பதில் வந்தது.

ஐந்துக்கு மூன்றரை. நாலாவது வாரத்துக்கு மட்டும் ஐந்து.