சீல் பிரிக்காத பெட்டியா, விளையாடிய கேசட்டா?

2021 ஜூலையில் இரண்டே நாள் இடைவெளியில் இரண்டு விலைகள் செய்தியாயின. 9-ஆம் தேதி, ஜப்பானிய வீடியோ கேம் நிறுவனமான நிண்டெண்டோவின் 'லெஜண்ட் ஆஃப் செல்டா' முதல் பாகத்தின் பிரிக்கப்படாத பெட்டி ஒன்று 8,70,000 டாலருக்கு ஏலம் போனது. 11-ஆம் தேதி பிரிக்கப்படாத 'சூப்பர் மாரியோ 64' ஒன்று 15,60,000 டாலருக்குப் போனது. இரண்டையும் விற்றது டல்லஸ் நகரத்து ஹெரிடேஜ் ஏல நிறுவனம். ஒற்றை வீடியோ கேமுக்குப் பத்து லட்சம் டாலருக்கு மேல் விலை கிடைத்தது அதுதான் முதல் முறை. அடுத்த மாதமே ஒரு 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' பெட்டி 20 லட்சம் டாலரைத் தொட்டது.

அதன் பிறகு பழைய கேம்களைப் பற்றிப் பேச்செடுத்தாலே "முதலீடாக வாங்கிப் போடலாமா?" என்ற கேள்வி வந்துவிடுகிறது. வாங்க நினைப்பவர் முன்னால் இன்று ஐந்து வழிகள் இருக்கின்றன. நிலைக்கு மதிப்பெண், அதாவது கிரேடு, போட்டுப் பிளாஸ்டிக் கூட்டுக்குள் அடைத்த பெட்டி, அப்படிப்பட்ட பெட்டியில் ஒரு பங்கு, யாரோ விளையாடிய அசல் கேசட், பல கேம்களை ஏற்றிக்கொள்ளும் ஃபிளாஷ் கேசட், நிறுவனமே திரும்ப வெளியிடும் பதிப்பு. எல்லாமே ஒரே கேமின் பெயரைச் சொல்லித்தான் விற்கப்படுகின்றன. ஆனால் கைக்கு வரும் பொருள் ஒவ்வொன்றிலும் வேறு. நான் விளையாடுபவர்கள் பக்கம் நின்று எழுதுகிறேன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கிரேடு போட்ட பெட்டியில் இருந்து தொடங்கலாம், ஏனென்றால் குழப்பம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது. அமெரிக்காவின் டென்வரில் தொடங்கிய வாட்டா கேம்ஸ் என்ற நிறுவனம் பெட்டியின் நிலைக்குப் பத்துக்கு இத்தனை என்று மதிப்பெண் தரும். மேலே சுற்றிய பிளாஸ்டிக் உறைக்குத் தனியாக ஓர் எழுத்துக் குறியீடு. 15,60,000 டாலருக்குப் போன மாரியோ 64-க்குக் கிடைத்தது 9.8, உறைக்கு ஏ பிளஸ் பிளஸ். அந்த கேம் அபூர்வமானதா என்றால், துளியும் இல்லை. 1996-இல் வெளிவந்து உலகம் முழுக்கக் கிட்டத்தட்ட 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் விற்ற கேம் அது.

உண்மையிலேயே அபூர்வமான கேசட்டுகள் வேறு. 1990-இல் நிண்டெண்டோ நடத்திய உலகப் போட்டிக்கென்று செய்த சாம்பல் நிறக் கேசட்டுகள் 90. அதே போட்டியின் பெயரில் பத்திரிகைப் பரிசாகப் போன தங்க நிறக் கேசட்டுகள் 26. பாண்டாய் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட 'ஸ்டேடியம் ஈவண்ட்ஸ்' கடைகளிலிருந்து திரும்பப் பெறப்பட்டதால் மிகச் சிலரிடமே தங்கியது. சேகரிப்பவர்கள் பல ஆண்டுகளாக உச்சியில் வைத்திருந்தது இவற்றைத்தான். 2021-இல் அந்த வரிசை தலைகீழானது. கோடிக்கு மேல் அச்சான கேம், நூற்றுக்குள் அடங்கும் கேசட்டை விலையில் தாண்டிப் போனது.

ஆக, விற்கப்பட்டது கேமின் அபூர்வம் இல்லை, 9.8 என்ற எண்ணின் அபூர்வம். 9.8-க்கும் 9.4-க்கும் உள்ள வித்தியாசம் அட்டை மூலையில் ஒரு சின்ன நசுங்கலாக இருக்கலாம். சரி, அப்படியென்றால் உலகத்தில் எத்தனை 9.8 இருக்கின்றன என்பதுதானே விலையைத் தீர்மானிக்க வேண்டும்? நாணயத்திலும் காமிக்ஸிலும் கிரேடிங் நிறுவனங்கள் இந்த எண்ணிக்கைப் பட்டியலை வெளியிடுவது வழக்கம். விளையாட்டுப் பெட்டிகளின் விலை உச்சத்துக்குப் போன அந்த ஜூலையில் வாட்டாவின் பட்டியல் பொதுவெளியில் இல்லை. எத்தனையில் ஒன்று என்று தெரியாமலே லட்சக்கணக்கான டாலர் கை மாறியது. அதோடு, ஒவ்வொரு பெரிய விலைச் செய்தியும் எங்கோ அலமாரியில் தூங்கிய பெட்டிகளைக் கிரேடிங்குக்கு வரவழைக்கும். எண்ணிக்கை கூடத்தான் செய்யும்.

விலை ஏறிய கதையும் கவனிக்க வேண்டியது. 2019 பிப்ரவரியில் ஸ்டிக்கரால் சீல் வைத்த ஒரு சூப்பர் மாரியோ பிரதர்ஸ் 1,00,150 டாலருக்கு விற்று முதல் பரபரப்பைக் கிளப்பியது. சேர்ந்து வாங்கிய மூவரில் ஒருவர் ஹெரிடேஜின் இணை நிறுவனர் ஜிம் ஹால்பெரின். 2021 ஆகஸ்டில் ஆஸ்திரேலிய யூடியூபர் கார்ல் ஜாப்ஸ்ட், கிரேடிங் நிறுவனமும் ஏல நிறுவனமும் சேர்ந்து விலையை ஊதிப் பெருக்கியதாகக் குற்றம் சாட்டி நீளமான வீடியோ வெளியிட்டார். இரு நிறுவனங்களும் மறுத்தன. 2022 மே மாதம் வாட்டா மீது கலிஃபோர்னியாவில் வாடிக்கையாளர்கள் சார்பில் வழக்கும் தொடரப்பட்டது.

குற்றச்சாட்டை ஒதுக்கி வைத்துவிட்டுக் கணக்கை மட்டும் பார்த்தாலும் எனக்கு இது ஒத்துவரவில்லை. பொருளின் மதிப்பு கூடக்கூட கிரேடிங் கட்டணம் கூடும், விலை கூடக்கூட ஏலக்காரரின் கமிஷன் கூடும். விலையைப் பற்றிச் சந்தேகம் எழுப்புவதில் இரண்டு பேருக்குமே லாபம் கிடையாது. இன்னொன்று, செய்தியில் வந்த 15,60,000 டாலரில் வாங்குபவர் செலுத்தும் 20 சதவீதக் கமிஷனும் அடக்கம். ஏலத்தில் சுத்தி இறங்கிய விலை 13 லட்சம்தான். அதே பெட்டியை மறுநாளே அதே ஏலத்தில் அதே மொத்த விலைக்கு விற்றிருந்தாலும் 2,60,000 டாலர் கையை விட்டுப் போயிருக்கும். இந்த ஓட்டையை அடைக்கவே விலை 20 சதவீதம் ஏற வேண்டும். ஏறவில்லை. அந்தக் கோடைக்குப் பிறகு கிரேடு போட்ட பெட்டிகளின் சந்தை பலமாகச் சரிந்தது.

பெட்டிக்கு உள்ளே என்ன ஆகிறது என்று யோசிக்கும்போது எனக்கு மனம் கனக்கிறது. செல்டா, 1987-இல் அமெரிக்காவில் வந்த தங்க நிறக் கேசட். ஆட்டத்தைச் சேமித்து வைக்க அதற்குள் ஒரு சின்ன பேட்டரி உண்டு. 8,70,000 டாலர் கொடுத்து வாங்கிய பெட்டிக்குள்ளும் அந்த பேட்டரி இருக்கிறது, முப்பத்து மூன்று ஆண்டுகளுக்கு மேல் பழையதாக. உயிரோடு இருக்கிறதா, கசிந்துவிட்டதா என்று பார்க்க வேண்டுமானால் உறையைக் கிழிக்க வேண்டும். கிழித்தால் விலை போய்விடும். ஒரு கேமைத் தொடக்கூடாத நிலையில் வைத்திருப்பதற்கே அத்தனை பணம்.

பங்கு வாங்கும் வழியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ரேலி என்ற தளம் 2020-இல் 1,40,000 டாலருக்கு வாங்கிய மாரியோ பெட்டியைப் பங்குகளாகப் பிரித்து விற்றது. அதுதான் மறு வருடம் 20 லட்சத்துக்குப் போனது. முதலில் நுழைந்தவர்களுக்கு நல்ல லாபம், மறுக்கவில்லை. ஆனால் கிரேடு போட்ட பெட்டியில் இருக்கும் எல்லா ஆபத்தும் இதிலும் உண்டு, அலமாரியில் வைத்துப் பார்க்கும் சந்தோஷம்கூட இல்லை. பெட்டி எங்கோ பூட்டிய அறையில் இருக்கும். ஐந்தில் எனக்குக் கொஞ்சமும் ஒட்டாத வழி இது.

இனி விளையாடிய அசல் கேசட். இதன் விலையும் 2020 ஊரடங்கில் நன்றாகவே ஏறியது. வீட்டுக்குள் அடைபட்டவர்கள் சின்ன வயது ஞாபகங்களைத் தேடி வாங்கினார்கள். அப்புறம் லட்சக்கணக்கான டாலர் செய்திகள் வந்ததும் சாதாரணக் கேசட் வைத்திருந்தவர்கள்கூடப் புதையல் கிடைத்ததுபோல் விலை சொல்ல ஆரம்பித்தார்கள். சீல் பிரிக்காத பெட்டிக்கும் அவர்கள் கையில் இருந்த கீறல் விழுந்த கேசட்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஆனாலும் அந்தச் சூடு இங்கேயும் பரவியது. ஊக வணிகத்தில் எனக்கு மிகவும் கோபம் வருவது இதற்காகத்தான். பெரும் பணக்காரர்கள் தங்களுக்குள் பெட்டிகளை மாற்றிக்கொண்டதன் செலவில் ஒரு பகுதியை, வெறுமனே விளையாட ஆசைப்பட்டவர்கள் கட்டினார்கள்.

இருந்தாலும் இந்த விலைக்கு ஓர் அடித்தளம் இருக்கிறது. ஒரு பிரபலமான கேசட் தினமும் எங்கேயாவது விற்கிறது. அந்த விற்பனைகளைத் திரட்டிக் காட்டும் பிரைஸ்சார்ட்டிங் போன்ற தளங்களில் சராசரியை யாரும் பார்த்துக்கொள்ளலாம். யாரோ ஒருவர் ஏலத்தில் கை தூக்கியதால் உண்டான விலை இல்லை இது, ஆயிரம் பேர் கொடுக்கும் விலை. அது இறங்கினாலும் கேசட் உங்களுடன் இருக்கும், சாயங்காலம் எடுத்துப் போட்டு விளையாடலாம். வெறும் கேசட் போதுமா, பெட்டியும் கையேடும் சேர்த்து வேண்டுமா என்பதை மட்டும் முன்பே முடிவு செய்துகொள்ளுங்கள். பல கேம்களுக்கு அந்த அட்டைப் பெட்டியின் விலை கேசட்டின் விலையை விட அதிகம்.

இங்கே பெரிய ஆபத்து போலிகள். கேம்பாய் அட்வான்ஸ் என்ற கையடக்கக் கருவிக்கான 'போகிமான் எமரால்டு' கேசட் ஒன்றை ஒருமுறை நம்பி வாங்கினேன். லேபிள் அச்சு கச்சிதமாக இருந்தது. பல வாரம் விளையாடி, கடைசிச் சாம்பியனை ஜெயித்த இரவு, சேமித்த ஆட்டம் மொத்தமாக அழிந்துபோனது. அதன் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன்: அசலில் ஆட்டம் ஃபிளாஷ் நினைவகத்தில் பதிகிறது, உள்ளே இருக்கும் பேட்டரி கடிகாரத்துக்கு மட்டும். பல போலிகளில் அந்த அமைப்பு கிடையாது, சரியாக அந்த இடத்தில் வந்துதான் காலை வாரும். இப்போதெல்லாம் கேம்பாய் அட்வான்ஸ் கேசட் என்றால் லேபிளைச் சாய்த்துப் பார்ப்பேன். அசலில் பொதுவாக இரண்டு எண்கள் மெலிதாக அழுத்திப் பதிந்திருக்கும். விலை அதிகம் என்றால் திறந்து, சர்க்யூட் பலகையில் நிண்டெண்டோ பெயர் அச்சிட்டிருக்கிறதா என்றும் பார்த்துவிடுவேன். அதைத் திறக்கத் தனி முனை கொண்ட திருப்புளி வேண்டும், விலை கொஞ்சம்தான். சீல் வைத்த பெட்டியில் இந்தச் சோதனைகளில் ஒன்றைக்கூடச் செய்ய முடியாது.

அப்படியே ஒரு வேண்டுகோள்: கேசட் ஓடவில்லை என்றால் வாயால் ஊதாதீர்கள். எல்லோரும் செய்தோம்தான், ஆனால் மூச்சின் ஈரம் உலோக முனைகளை அரிக்கும். பஞ்சுக் குச்சியில் ஐசோபிரோபைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தால் போதும்.

ஃபிளாஷ் கேசட், ஊகத்தை அடியோடு ஒதுக்கிவிடும் வழி. எவர்டிரைவ் போன்ற ஒன்றில் மெமரி கார்டைப் போட்டு அசல் கன்சோலிலேயே விளையாடலாம். நூற்றுக்கணக்கான டாலர் கேட்கும் 'எர்த்பௌண்ட்' இதில் மற்ற எந்த கேமையும் போல ஒரு கோப்புதான். அசல் கன்சோலும் வேண்டாம் என்றால் உள்ளமைப்பை மாற்றிக்கொள்ளக்கூடிய எஃப்பிஜிஏ சிப்பில் பழைய வன்பொருளையே மறுபடி கட்டியெழுப்பும் மிஸ்டர் போன்ற கருவிகள் உண்டு. அனுபவத்தில் குறை சொல்ல எனக்கு எதுவும் தோன்றவில்லை. சிக்கல் உரிமையில் இருக்கிறது. இணையத்தில் கிடைக்கும் கேம் கோப்புகளை இறக்குவது பெரும்பாலான நாடுகளில் பதிப்புரிமை மீறல். சொந்தக் கேசட்டிலிருந்து நாமே பிரதி எடுக்கும் கருவிகளும் வந்துவிட்டன. என் தேர்வு அதுதான், ஆனால் அதன் சட்ட நிலைகூட நாட்டுக்கு நாடு மாறும்.

நிறுவனமே வெளியிடும் மறுபதிப்பு எல்லாவற்றையும் விட மலிவு, எளிது. ஆனால் அது எப்போது வரும், எப்போது போகும் என்பது நம் கையில் இல்லை. மாரியோ 64-ஐயே எடுத்துக்கொள்ளுங்கள். 2020 செப்டம்பரில் ஸ்விட்ச் கன்சோலுக்கான ஒரு தொகுப்பில் அதைத் திரும்ப விட்டார்கள், 2021 மார்ச் 31-உடன் அந்தத் தொகுப்பின் விற்பனையை நிண்டெண்டோ நிறுத்திக்கொண்டது. மூன்று மாதமும் சில நாட்களும் கழித்து அந்த 15,60,000 டாலர் ஏலம். அதே ஆண்டு அக்டோபரில் நிண்டெண்டோவின் ஆண்டுச் சந்தா சேவையில் கேம் மறுபடி வந்தது. 2023 மார்ச்சில் நிண்டெண்டோவின் முந்தைய கருவிகளான வீ யூ, 3டிஎஸ் ஆகியவற்றின் இணையக் கடைகள் இரண்டும் மூடப்பட்டன. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வு, 2010-க்கு முன் அமெரிக்காவில் வெளிவந்த பழைய கேம்களில் 87 சதவீதம் அப்போது கடையில் கிடைக்கவில்லை என்று கண்டது. மறுபதிப்பை நம்பியே இருந்தால் மிச்சமுள்ள 13 சதவீதத்துக்குள் விளையாடிக்கொள்ள வேண்டியதுதான்.

ஆனால் ஊகத்தின் விலையை ஒரே நாளில் உடைக்கும் சக்தியும் இந்த வழிக்குத்தான் உண்டு. 30 கேம்களோடு 60 டாலருக்கு 2016-இல் வந்த, நிண்டெண்டோவின் பழைய என்இஎஸ் கன்சோலைச் சின்னதாக்கிய என்இஎஸ் கிளாசிக் மினி கன்சோல் கடைக்கு வந்ததும் காலியானது, பதுக்கியவர்கள் பல மடங்கு விலை சொன்னார்கள். 2017 ஏப்ரலில் உற்பத்தி நின்றதும் விலை இன்னும் ஏறியது. 2018 ஜூனில் நிண்டெண்டோ மறுபடி தயாரித்துக் கடைகளுக்கு அனுப்பியதும் அந்த ஏற்றம் அடங்கிப்போனது.

என்னைக் கேட்டால், அடிக்கடி விளையாடும் பத்து, இருபது கேம்களை அசல் கேசட்டாக, பெட்டி இல்லாமல் வாங்குங்கள். விலை எட்டாதவற்றுக்கு மறுபதிப்பைத் தேடுங்கள், அதுவும் இல்லை என்றால் ஃபிளாஷ் கேசட் இருக்கிறது. கிரேடு போட்ட பெட்டியின் அழகில் மனம் லயித்து, போட்ட பணம் முழுவதும் போனாலும் பரவாயில்லை என்பவர் மட்டும் அதை வாங்கலாம். சேமிப்பை அதில் போடாதீர்கள்.

என்னிடம் இருக்கும் செல்டா வெறும் கேசட்தான், தங்க நிறம் ஓரங்களில் மங்கிவிட்டது. வாங்கி வந்து முதல் முறை போட்டபோது யாரோ ஒருவரின் ஆட்டம் அதில் சேமித்திருந்தது, பாதி இதயங்கள் நிரம்பியிருந்தன. பேட்டரியை எப்படியும் மாற்றியாக வேண்டும், மாற்றினால் அந்தச் சேமிப்பு அழிந்துவிடும். முதலில் கேசட்டைப் படிக்கும் கருவியை வாங்கி அந்த ஆட்டத்தைக் கணினிக்கு எடுத்தேன். பழைய பேட்டரியைச் சூட்டுக்கோலால் கழற்றிப் புதிய சிஆர்2032 வைத்தேன், பிறகு சேமிப்பைத் திரும்பக் கேசட்டுக்குள் எழுதினேன். அந்தப் பெயர் முதல் வரியில் அப்படியே இருக்கிறது. நான் இரண்டாவது வரியில் என் பெயரை எழுதி விளையாடுகிறேன். ஒவ்வொரு முறை முடிக்கும்போதும், கேம் சொல்கிறபடி ரீசெட்டை அழுத்திப் பிடித்துக்கொண்டே பவரை அணைக்கிறேன்.