ஜெட் தகட்டுல மோதுற கேஸுக்கு எந்த டர்புலன்ஸ் மாடல்?

டர்பைன் பிளேடோட உள்பக்கம், டெம்பர் பண்ற கண்ணாடி, இதுக்கெல்லாம் காத்த ஜெட்டா நேரா அடிச்சுத்தான் சூட்ட இறக்குறாங்க. இத சிஎஃப்டில (ஓட்டத்த கம்ப்யூட்டர்ல கணக்குப் போடுற முறை) போடும்போது நிறைய பேர் டர்புலன்ஸ் மாடல், அதாவது ஓட்டத்தோட கொந்தளிப்ப தோராயமா கணக்கிடுற சமன்பாடுகள, எடுக்குற இடத்துலயே சறுக்கிடுறாங்க, பைப்புக்குள்ள நல்லா ஒர்க் ஆன மாடல் இங்கயும் ஒர்க் ஆகும்னு நம்பி.

நான் எந்த மாடலையும் ஒரே கேஸ்லதான் உரசிப் பாப்பேன். ரெனால்ட்ஸ் நம்பர் (ஓட்டத்தோட வேகத்துக்கும் பிசுக்குக்கும் உள்ள விகிதம் மாதிரி) 23,000, நாசில் வாய்க்கும் தகட்டுக்கும் நடுவுல 2 விட்டம் தூரம். இதுக்கு 1989ல பாக்ன், ஷிமிசு ரெண்டு பேரும் வெப்பத்த அளந்தாங்க, 1993ல கூப்பர் டீம் வேகத்த அளந்தாங்க. அந்த நஸ்ஸெல்ட் கர்வ (தகட்டுல எந்த இடத்துல எவ்வளவு சூடு கைமாறுதுன்னு காட்டுற கோடு) உத்துப் பாருங்க, நடுவுல உச்சம், வெளிய போகப் போக இறங்கும், அப்புறம் மையத்துலேருந்து கிட்டத்தட்ட 2 விட்டம் தள்ளி திரும்ப ஒரு சின்ன மேடு. இந்த ரெண்டு இடத்துலதான் மாடலோட சாயம் வெளுக்கும்.

சாதா கே-எப்சிலான் மாடல் (கொந்தளிப்போட எனர்ஜி, அது கரையுற வேகம் ரெண்டையும் வச்சு கணக்குப் போடுறது) முதல் இடத்துலயே விழுந்துடும். நான் முதல் தடவ ஓட்டினப்ப நடுவுல பரிசோதனைய விட டபுளா வந்துச்சு, மெஷ்தான் தப்புன்னு நெனச்சு மூணு நாள் அதையே நோண்டிட்டு இருந்தேன். தப்பு மாடல்ல. ஜெட் தகட்டுல முட்டுற இடத்துல ஓட்டம் நசுங்குது, உரசல் இல்ல, ஆனா மாடலுக்கு ரெண்டும் ஒண்ணுதான், ஸ்ட்ரெயின (ஓட்டம் உருமாறுற வேகம்) ஸ்கொயர் பண்ணி டர்புலன்ஸ அள்ளிக் கொட்டுது. அதுல ஒரு ஸ்ட்ரெயினுக்குப் பதிலா சுழற்சிய வச்சா போதும்னு 1993ல கேட்டோவும் லாண்டரும் சொன்னாங்க, நட்டநடு அச்சுல சுழற்சி சைபர், அதனால அங்க உற்பத்தியும் நின்னுடும். நல்ல ஒட்டுதான், ஆனா ஒட்டு ஒட்டுதான்.

மென்டரோட எஸ்எஸ்டி மாடல் எல்லா சாஃப்ட்வேர்லயும் இருக்கு, சுலபத்துல கவுராது. உற்பத்திக்கு ஒரு வரம்பு வச்சிருக்கறதால நடு உச்சம் அடங்கி வரும், ஆனா அந்த ரெண்டாவது மேடு பல சமயம் மழுங்கிப் போயிடும்.

என் ஓட்டு டர்பினோட வி-ஸ்கொயர்-எஃப் மாடலுக்குத்தான். சுவர் பக்கத்துல சூட்ட தூக்கிட்டுப் போறது மொத்த டர்புலன்ஸ் இல்ல, சுவருக்கு செங்குத்தா ஆடுற ஆட்டம் மட்டும்தான், அதையும் சுவர் அமுக்கிடுது. இந்த மாடல் அந்த ஆட்டத்துக்குன்னே தனி சமன்பாடு வச்சிருக்கு. 1998ல பெனியா, பார்னே, டர்பின் மூணு பேரும் இதே ஜெட்ட போட்டுக் காட்டினாங்க, நடு உச்சமும் ஒத்துப் போச்சு, மேடும் வந்துச்சு. தொல்லை என்னன்னா சுவரோட அமுக்கல கணக்குல கொண்டு வர்ற எஃப்ங்கற மாறியோட சுவர் கண்டிஷன் முரடு பிடிக்கும், அதனால எஸ்எஸ்டி ரிசல்ட்லேருந்து ஸ்டார்ட் பண்ணுங்க.

இருந்தாலும் அந்த மேடு ஏன் வருதுங்கறது இந்த ஸ்டெடி மாடல் (நேரத்தோட மாறுறத விட்டுட்டு சராசரி மட்டும் பாக்குறது) எதுக்கும் தெரியாது. ஜெட் ஓரத்துல உருவாகுற வளையச் சுழல்கள் தகட்டுல வந்து முட்டி, அடியில எதிர்ச்சுழல கிளப்பி, அப்பப்ப ஓட்டத்த சுவர விட்டு பிச்சு எடுக்குது, இத நேரடியா பாக்கணும்னா எல்இஎஸ்தான் (பெரிய சுழல்கள நேரத்தோட நேரடியா கணக்குப் போடுற முறை) வழி. 2008ல ஹாட்ஜியாப்டிச்சும் ஹன்யாலிச்சும் ரெனால்ட்ஸ் 20,000ல அத போட்டுக் காட்டினாங்க. நாசில் தூரத்த மாத்தி மாத்தி முப்பது கேஸ் ஓட்ட வேண்டிய டிசைன் வேலைக்கு அது கட்டுப்படியாகாது.

எத எடுத்தாலும் சுவர்ல முதல் செல்லோட ஒய் பிளஸ் (சுவர்லேருந்து உள்ள தூரத்த அங்க இருக்குற ஓட்டத்தோட அளவுல சொல்றது) 1க்கு கீழ இருக்கணும், வால் ஃபங்ஷன் (சுவர் ஓரத்த கணக்குப் போடாம ஃபார்முலாவால நிரப்புறது) போட்டா மேலே பேசினது அத்தனையும் வீண். இன்லெட்ல தட்டையான வேகத்த கொடுக்காதீங்க, அந்தப் பரிசோதனைல நீள பைப்லேருந்து முழுசா வளர்ந்த ஓட்டம்தான் வந்துச்சு. தூரம் 6 விட்டத்துக்கு போயிடுச்சுன்னா அந்த மேடே காணாமப் போயிடும், அங்க எஸ்எஸ்டியே தாராளம்.