ஓன்னோ காவ்சுவேயா, காவ் சோயா: வீட்டில் முதலில் எதைச் செய்வது?

தேங்காய்ப்பால் குழம்பில் கோதுமை நூடுல்ஸ், மேலே பொரித்த நூடுல்ஸ், பக்கத்தில் எலுமிச்சையும் பச்சை வெங்காயத் துண்டுகளும். இப்படிச் சொன்னால் மியான்மரின் ஓன்னோ காவ்சுவேயும் வடக்குத் தாய்லாந்தின் காவ் சோயும் ஒன்றுபோலத்தான் தெரியும். அதனாலேயே இதில் உள்ளதை அதில் போட்டு, அதில் உள்ளதை இதில் போட்டு, இரண்டையும் கெடுத்துவிடுகிறோம். முதன்முதலாகச் செய்பவர் ஓன்னோவில் தொடங்குவதே நல்லது என்பது என் கட்சி.

காரணம் கடலை மாவு. ஓன்னோ குழம்புக்கு உடம்பைக் கொடுப்பது அதுதான். 4 பேருக்கு ஒரு லிட்டர் கோழிச்சாறு என்றால் 4 மேசைக்கரண்டி மாவு போதும். பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, கொதிக்கும் சாற்றில் கிளறிக்கொண்டே ஊற்றுங்கள். பச்சை வாசம் போக 20 நிமிடமாவது சிறுதீயில் கிடக்க வேண்டும். மற்றபடி மசாலா என்று பார்த்தால் வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சள் தூள், மிளகாய்த்தூள், அவ்வளவே. அந்த விழுதை எண்ணெய் பிரிந்து மேலே வரும்வரை பொறுமையாக வதக்குவதில்தான் பர்மியக் குழம்பின் ருசி இருக்கிறது. தேடி அலைய வேண்டிய பொருள் மீன் சாஸ் ஒன்றுதான்.

காவ் சோய் அப்படி இல்லை. காய்ந்த மிளகாய், சின்ன வெங்காயம், பூண்டு, இஞ்சி, மஞ்சள், கொத்தமல்லி வேர், தனியா, கருப்பு ஏலக்காய் எல்லாம் சேர்ந்த விழுது வேண்டும். வெங்காயம், பூண்டு, இஞ்சியைத் தோலோடு சுட்டு, மசாலாவை வறுத்து இடித்தால்தான் அந்த வாசம் வரும். கடையில் விற்கும் சிவப்புக் கறி விழுதோடு கறிப்பொடி கலப்பது பலரும் பிடிக்கும் குறுக்குவழி. சாப்பிட நன்றாகவே இருக்கும். ஆனால் அது நூடுல்ஸ் போட்ட சிவப்புக் கறிதான். அந்த வழியில் போனாலும் ஒரு கருப்பு ஏலக்காயையாவது வறுத்து, உள்ளே உள்ள விதையை இடித்துச் சேருங்கள். பச்சை ஏலக்காயைப் போட்டால் பாயச வாசம் வந்துவிடும், வேண்டாம்.

இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம் தேங்காய்ப்பாலைக் கையாளும் விதத்தில் இருக்கிறது. ஓன்னோவில் அதைக் கடைசியில் ஊற்றி, தளதளவென்று கொதிக்க விடாமல் இறக்க வேண்டும். திரிந்தால் குழம்பின் வழவழப்பு போய்விடும். காவ் சோயில் நேர் எதிர். முதலில் கெட்டிப்பாலை மட்டும் சட்டியில் காய்ச்சி, அது திரிந்து எண்ணெய் கக்கிய பிறகுதான் விழுதைப் போட்டு வதக்குவார்கள். குழம்பின் மேல் மிதக்கும் சிவப்பு எண்ணெய் அப்படித்தான் வருகிறது. பொட்டலப் பாலில் பல வகைகள் பிரியாமல் இருக்கவே பொருள் சேர்க்கப்பட்டவை. எவ்வளவு காய்ச்சினாலும் அவை எண்ணெய் விடாது. அப்போது 2 கரண்டி எண்ணெயில் விழுதை வதக்கிவிட்டுப் பாலை ஊற்றிக்கொள்ளலாம்.

நூடுல்ஸ் விஷயத்தில் கவலையே வேண்டாம். ஓன்னோவுக்கு ஸ்பகெட்டி போதும், காவ் சோய்க்குத் தட்டையான முட்டை நூடுல்ஸ். ஒரு கைப்பிடியை எடுத்து வைத்துப் பொரிக்க மறந்துவிடாதீர்கள்.

பக்கவாட்டுப் பொருள்களில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். ஓன்னோவுக்கு வேகவைத்த முட்டை, வறுத்த மிளகாய்த் தூள். காவ் சோய்க்கு புளிக்கவைத்த கடுகுக்கீரை. பாலின் திகட்டலை வெட்டுவது அதுதான். கீரை கிடைக்காவிட்டால் முட்டைக்கோஸை உப்பில் பிசைந்து, அரிசி கழுவிய தண்ணீரில் 3 நாள் ஊறவைத்தால் ஓரளவு ஈடாகும். வினிகரில் போட்ட உடனடி ஊறுகாயில் புளிப்பு இருக்கும், அந்த ஆழம் இருக்காது.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு யோசனையே இல்லாமல் ஓன்னோ. கோழியை எடுத்தாலும் கடலை மாவு குழம்பைத் தாங்கிப் பிடிக்கும். மீன் சாஸுக்குப் பதில் சோயா சாஸும் உப்பும், கோழிக்குப் பதில் காளான் அல்லது ஷான் டோஃபு. சோயாவே இல்லாமல் கடலை மாவைக் காய்ச்சி உறையவைக்கும் அந்த டோஃபுவும் மியான்மருடையதுதான்.

இரண்டையும் கைக்குள் கொண்டுவந்த பிறகு லாவோஸின் லுவாங் பிரபாங் காவ் சோயைப் பாருங்கள். பெயர் அதே, ஆனால் தேங்காய்ப்பால் கிடையாது. தெளிந்த சாறு, அரிசி நூடுல்ஸ், மேலே தக்காளியும் நொதித்த சோயாவும் சேர்த்து வதக்கிய பன்றிக் கொத்துக்கறி. அந்த நொதித்த சோயாவுக்கு மட்டும் வீட்டில் ஈடு தேட வேண்டாம், அதை வாங்கியே தீரணும்.